பழைய நீர்ப்பூட்டையும் அதன் திறப்புப் பாலங்களையும் சீரமைக்க ஏன் இத்தனை காலம் ஆகிறது?

கேட்கப்பட்டிருப்பவை மூன்று. நூறு, இருநூறு ஆண்டுப் பழமையான ஒரு கால்வாய் நீர்ப்பூட்டையும் அதன் மேலுள்ள திறக்கும் பாலங்களையும் சீரமைக்க ஆண்டுக்கணக்கில் ஆவது ஏன்? இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் விரைவாகவும் மலிவாகவும் முடியாதா? கதவு, பாலம், இயந்திரம் அனைத்தையும் மாற்றிய பிறகு அதில் பழையது என்று சொல்ல என்ன மிஞ்சுகிறது? மூன்று விடைகளுக்கும் அடிப்படை ஒன்றே. ‘லாக்’ என்று பரவலாக வழங்கும் இந்த நீர்ப்பூட்டு, உள்ளிருக்கும் நீரும் வெளியிலிருக்கும் மண்ணும் எதிரெதிராக அழுத்தி ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும் கட்டுமானம். நீர் நிறைந்து வேலை செய்யும் வரை அது உறுதியாக நிற்கிறது. பழுது பார்ப்பதற்காக அதை வற்றவைக்கும்போது அந்தச் சமநிலையில் ஒரு பக்கத்தை நாமே எடுத்துவிடுகிறோம். காலமும் பணமும் பெரும்பாலும் அங்கேதான் கரைகின்றன.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெவ்வேறு உயரத்தில் நிற்கும் இரண்டு நீர்மட்டங்களுக்கு நடுவே ஓர் அறை. அறையின் இரு முனையிலும் கதவுகள். நீரை உள்ளே விடவும் வெளியேற்றவும் மதகுகள். சீனாவின் பெருங்கால்வாயில் கி.பி. 984-இல் ச்சியாவ் வெய்யுவே என்ற அதிகாரி இத்தகைய அறையை அமைத்ததாகப் பதிவு உள்ளது. இன்று நாம் பழைய கால்வாய்களில் காணும், மேல்நீரை நோக்கி ஆப்பு வடிவில் கூடி நிற்கும் இரட்டைக் கதவு, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் மிலான் நகரக் கால்வாய்களுக்காக உழைத்த லியோனார்டோ டா வின்சியின் வரைபடங்களில் தெளிவாகக் காணப்படுகிறது. நீரின் அழுத்தமே இரு கதவுகளையும் ஒன்றோடொன்று இறுக்கிவிடுவதால் தனியாகத் தாழ்ப்பாள் தேவைப்படுவதில்லை. இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. ஒரு பக்கம் 4 மீட்டர் ஆழத்துக்கு நீர் நிற்க, மறுபக்கம் வெறுமையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கதவின் ஒவ்வொரு மீட்டர் அகலத்திலும் 8 டன் விசை விழும். 3 மீட்டர் அகலமுள்ள ஒரு கதவில் 24 டன். கதவுகள் மூன்றுக்கு ஒன்று என்ற சாய்வில் கூடுமானால், அந்த 24 டன் ஒவ்வொரு கதவின் முனையிலும் ஏறத்தாழ 38 டன் தள்ளுவிசையாகப் பெருகி, கதவு திரும்பும் அச்சான குடுமிக் கம்பம் அமர்ந்திருக்கும் குழிவான கற்களின் வழியே சுவருக்குள் இறங்குகிறது. கதவு கசிகிறது என்று புகார் வரும்போது அனுபவமுள்ள பொறியாளர் முதலில் இந்தக் கற்களைப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். கல் சில மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் கதவின் கோணம் மாறும். கோணம் மாறினால் விசை தவறான இடத்தில் விழும். புதுக் கதவு செய்து மாட்டினாலும் அதே கசிவு சில ஆண்டுகளில் திரும்பும்.

இப்போது வற்றவைப்பதற்கு வருவோம். அறையின் தளத்துக்கு அடியில் நிலத்தடி நீர் இருக்கிறது. தளத்தின் அடிப்பாகத்திலிருந்து 4 மீட்டர் உயரத்துக்கு அந்த நீர்மட்டம் நின்றால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் அது 4 டன் விசையோடு மேல்நோக்கித் தள்ளும். செங்கல் கட்டுமானத்தின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2 டன். ஆகவே 1 மீட்டர் தடிமனுள்ள செங்கல் தளம் தன் எடையால் அந்தத் தள்ளலில் பாதியைத்தான் ஈடுகட்டும். மீதியை அறைக்குள் நிற்கும் நீரின் எடை இத்தனை காலமும் ஈடுகட்டி வந்தது. பழைய கொத்தனார்கள் இதை அறிந்தே பல இடங்களில் தளத்தைத் தலைகீழ் வளைவாகக் கட்டினார்கள். மேல்நோக்கிய தள்ளல் வளைவின் வழியே பக்கச் சுவர்களுக்குப் போய்ச் சேரும். ஆனால் அந்த வளைவு இன்னும் முழுமையாக இருக்கிறதா, இடையே யாராவது குழாய் பதிக்க அதை வெட்டினார்களா என்பது நீருக்கடியில் இருப்பதால் எவர் கண்ணுக்கும் தெரியாது. அது தெரியாமல் பம்பை ஓடவிட்டால் தளம் பிளந்து மண்ணும் நீரும் பொங்கி வரும் வாய்ப்பு உண்டு.

சுவர்களின் நிலையும் இதுவே. பின்னாலிருந்து ஈரமண் தள்ளுகிறது. முன்னாலிருந்து தாங்கிய நீர் இப்போது இல்லை. பிரான்சில் 1681-இல் திறக்கப்பட்ட கனால் டு மிடி என்னும் கால்வாயின் நீர்ப்பூட்டுகள் முட்டை வடிவில் இருப்பதைப் பார்த்து அழகுக்காக என்று எண்ணுபவர்கள் பலர். தொடக்கத்தில் நேர்ச்சுவரோடு கட்டிய பூட்டொன்று மண்ணின் அழுத்தத்தால் சரிந்த பிறகு, அதைக் கட்டிய பியர் பால் ரிக்கே சுவர்களை மண்ணை நோக்கிப் பிதுங்கும் வளைவாக மாற்றினார். நேர்ச்சுவர் கொண்ட பூட்டுகளுக்கு அந்தத் தற்காப்பு இல்லை. அவற்றை வற்றவைக்குமுன் இரு சுவர்களுக்கும் குறுக்கே எஃகுத் தாங்கிகளை வரிசையாக முட்டுக்கொடுக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் நீர்மட்டம் அளக்கும் பீசோமீட்டர் குழாய்களை இறக்க வேண்டும். தேவையானால் சுவரின் ஊடே துளையிட்டு மண்ணுக்குள் நங்கூரக் கம்பிகளைப் பொருத்த வேண்டும்.

நிலத்தடி நீரையே பம்பு வைத்து இறக்கிவிட்டால் தொல்லை தீராதா என்பது நியாயமான கேள்வி. சில இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். மென்மையான மண்ணில் மரத்தூண்களின் மேல் கட்டப்பட்ட பூட்டுகளில் அது வேறொரு கேட்டைக் கொண்டுவரும். நீருக்குள் முழுமையாக மூழ்கிய மரத்தூணுக்குப் பிராணவாயு எட்டாததால் பூஞ்சை அதை அரிப்பதில்லை, நூற்றாண்டுகள் தாங்கும். நீர்மட்டம் இறங்கித் தூணின் தலை காற்றுபட நெடுங்காலம் நின்றால் அழுகல் தொடங்கிவிடும். அக்கம்பக்கத்து வீடுகளும் அதே வகைத் தூண்களின் மேல் நின்றால், அவற்றின் அடித்தளமும் உங்கள் பொறுப்புக்குள் வந்துவிடுகிறது. இதனால்தான் பல திட்டங்களில் தலைகீழான வரிசையைக் கையாளுகிறார்கள்: நீர் நிறைந்திருக்கும்போதே மூழ்குநர்கள் தளத்தை ஆய்வு செய்து, மேல்நோக்கிய தள்ளலை எதிர்க்கும் நங்கூரங்களை இறக்கி, நீருக்கடியிலேயே கான்கிரீட் இட்டு, அது இறுகிய பிறகே வற்றவைக்கிறார்கள். மெதுவான முறை, செலவும் அதிகம். ஆனால் சுவர் எப்படி நடந்துகொள்ளும் என்று ஊகிக்க வேண்டிய அவசியம் இதில் குறைவு. எனக்கு இந்த முறையே உகந்ததாகப் படுகிறது.

இங்கே அளவைப் பொறுத்து எல்லாம் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ஒடுக்கமான கால்வாய்ப் பூட்டுகள் 7 அடி அகலமே கொண்டவை. அங்கே கால்வாய்களைப் பராமரிக்கும் கேனால் அண்ட் ரிவர் டிரஸ்ட், படகுப் போக்குவரத்துக் குறைந்த குளிர்காலத்தில் அடைப்புப் பலகைகளை இறக்கி, அறையை வற்றவைத்து, பழுது பார்த்து, வசந்தத்துக்குள் மீண்டும் திறந்துவிடுகிறது. வற்றிய அறைக்குள் பொதுமக்கள் இறங்கிப் பார்க்கும் நாள்களும் உண்டு. கடல் வாயிலில், மென்மண்ணில், ஊருக்கு நடுவே, இரண்டு பாலங்களைச் சுமந்து நிற்கும் அகலமான பூட்டுக்கு இந்தக் கால அளவை எதிர்பார்ப்பது பொருந்தாது.

காரை குறித்து ஒரு குறிப்பு. பழைய நீர்க்கட்டுமானங்களில் பயன்பட்டது வெறும் சுண்ணாம்பு இல்லை. நீருக்குள்ளும் இறுகுவதற்காக எரிமலைச் சாம்பல் கலந்த சுண்ணாம்புக் காரை. ஜெர்மனியின் ஐஃபெல் பகுதியில் கிடைக்கும் ‘டிராஸ்’ என்னும் பொடி, நெதர்லாந்தின் நீர்க்கட்டுமானங்களில் நெடுங்காலம் இப்படிப் பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் பழுது பார்த்தவர்கள் பலர் இந்த மூட்டுகளைச் சுரண்டியெடுத்துவிட்டுக் கெட்டியான சிமென்ட் பூசினார்கள். சிமென்ட் செங்கல்லைவிடக் கடினமானது, வளைந்துகொடுக்காதது. சுவர் சற்றே அசையும்போது மூட்டு விரிசல் விடுவதற்குப் பதிலாகச் செங்கல்லே உடைகிறது. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி உறைபனியில் கல்லின் முகத்தை உரித்தெடுக்கிறது. சீரமைப்புப் பணிகளில் கணிசமான பகுதி முந்தைய பழுதுபார்ப்பைப் பழுதுபார்ப்பதே என்று சொன்னால் அது மிகையாகாது. சுவரின் உட்புறம் வெறுமையாகிப் போன இடங்களில் காரைப்பாலை, அதாவது நீர்த்த காரையை, செலுத்தி நிரப்புவதும் பயன் தரும். ஆனால் அழுத்தம் மிகுந்துவிட்டால், காப்பாற்ற வந்த சுவரையே அது வெளியே தள்ளிவிடும்.

கதவுகளைப் பற்றி மக்கள் மிகுதியாகக் கவலைப்படுகிறார்கள். உண்மையில் கவலை குறைவாகத் தேவைப்படும் பகுதி அது. ஓக் மரக் கதவு சராசரியாக 20 முதல் 25 ஆண்டுகள் உழைக்கும். ஆகவே 200 ஆண்டுப் பழமையான பூட்டில் இன்று தொங்கும் கதவு, அதன் வரிசையில் எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ இருக்கக்கூடும். கட்டியவர்களே கதவைத் தேயும் பொருளாகத்தான் கருதினார்கள். கதவை மாற்றுவதால் பழமை கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. மரத்தேர்வில்தான் கருத்து வேறுபாடு எழுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் அஸோபே, கயானாவின் கிரீன்ஹார்ட் போன்ற வெப்பமண்டல மரங்கள் ஓக்கைவிட நெடுங்காலம் நிற்கும், ஆனால் எடை மிகுந்தவை. அஸோபே நீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது. அந்தக் கூடுதல் எடையைப் பழைய குடுமியும் கதவின் தலையைச் சுவரோடு பிணைக்கும் மேற்பட்டையும் தாங்குமா என்று கணக்கிடாமல் மரத்தை மாற்றக் கூடாது. காட்டின் நிலையைக் கெடுக்காமல் வெட்டப்பட்டதற்கான சான்றும் இப்போது கேட்கப்படுகிறது. எஃகுக் கதவு இன்னும் நெடுநாள் நிற்கும் என்றாலும், மரத்தைப் போல நீரில் ஊறிப் பருத்துத் தானாகவே இடைவெளியை அடைத்துக்கொள்ளும் இயல்பு அதற்குக் கிடையாது.

எஞ்சும் பழமை எது என்ற மூன்றாவது கேள்வியை இங்கேயே எடுத்துக்கொள்ளலாம். பழஞ்சின்னங்களைக் காப்பதற்கான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் மூலப்பொருளைக் காப்பதற்கு முதன்மை தந்தது. ஜப்பானில் 1994-இல் உருவான நாரா ஆவணம், உண்மைத்தன்மையை அளக்கப் பொருளோடு பயன்பாடு, செயல், கைத்திறன், சூழல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது. நீர்ப்பூட்டுக்கு இரண்டாவது பார்வையே பொருந்துகிறது. கனடாவில் ஒட்டாவாவையும் கிங்ஸ்டனையும் இணைக்கும் 202 கிலோமீட்டர் நீள ரிடோ கால்வாய் 1832-இல் திறக்கப்பட்டது. 2007-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் பூட்டுகளில் பெரும்பாலானவற்றை ஊழியர்கள் இன்றும் கையால் சுழற்றியே திறக்கிறார்கள். கதவு மரம் புதியதுதான்; கல்லால் கட்டிய அறையும் இயக்கும் முறையும் பழையவை. இதையே அளவுகோலாக வைத்தால் முடிவெடுப்பது எளிதாகிறது: சுவர், தளம், குழிவுக் கற்கள் ஆகியவற்றில் இயன்றவரை கைவைக்காமல் இருக்க வேண்டும், கதவை அதே வடிவில் தயக்கமின்றிப் புதிதாகச் செய்யலாம், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பாலத்தைப் பற்றித்தான் நெடிய விவாதம் நடக்கும்.

பாலங்கள் மூன்று வகை. கிடைவாக்கில் திரும்பும் சுழல் பாலம், ஒரு முனையில் எழும் தூக்குப் பாலம், முழுத்தளமும் செங்குத்தாக உயரும் பாலம். பழைய பூட்டுகளில் பெரும்பாலும் முதல் இரண்டு வகைகளைத்தான் காணலாம். சில பூட்டுகளுக்கு இரு முனையிலும் ஒவ்வொரு பாலம் இருக்கும். ஒன்று படகுக்காகத் திறந்திருக்கும்போது மற்றொன்றில் சாலைப் போக்குவரத்துத் தடையின்றி ஓடும். இதனால் சீரமைப்பின்போது ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். இரண்டும் ஒரே பூட்டின் சுவர்மேல்தான் நிற்கின்றன என்பதை அந்தத் திட்டம் மறந்துவிடுகிறது. அறை வற்றியிருக்கும் மாதங்களில், முட்டுக்கொடுத்து நிற்கும் சுவரின் தலையில் லாரிகளை ஓடவிடுவது தகுமா என்று ஒருவர் கையெழுத்திட வேண்டியிருக்கும். அதற்குத் துணிபவர் அரிது. அதனால் சற்றுத் தள்ளித் தற்காலிகப் பாலம் அமைப்பதே வழக்கம். அதற்கென்று நிலமும் அனுமதியும் வேண்டும், இவற்றுக்கே ஓராண்டு போய்விடலாம்.

பாலத்தைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோன பிறகுதான் அதன் உண்மை நிலை தெரியவரும். வர்ணம் உரிக்கப்படும்போது முதலில் எதிர்ப்படுவது ஈயம். பழைய அடிப்பூச்சுகளில் ஈயம் கலந்திருப்பதால் மூடிய கூடாரத்துக்குள் காற்றை வடிகட்டி வேலை செய்ய வேண்டும். அடுத்து உலோகம். வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையில் சட்டென உடையும். தேனிரும்பு இழைகளாக அமைந்து, இடையிடையே கசடு படிந்த பொருள். அதைச் சாதாரண எஃகு போல் வெல்டிங் செய்தால் பற்றவைத்த இடத்தின் பக்கத்திலேயே அடுக்கடுக்காகப் பிரியும் அபாயம் உண்டு. ஆகவே மாதிரி வெட்டியெடுத்துச் சோதித்த பிறகே எந்த உறுப்பை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று தீர்மானிக்கிறார்கள். தகடுகளைப் பிணைக்கும் ஆணியான ரிவெட்டை அடிக்கத் தெரிந்த கைவினைஞர்கள் அருகிவிட்டார்கள். உருண்டைத் தலையுள்ள போல்ட்டைப் போட்டு ரிவெட் போலக் காட்டுவது பல இடங்களில் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. இருந்தாலும், மக்கள் கைவைத்து நிற்கும் கைப்பிடிப் பக்கத்திலாவது உண்மையான ரிவெட் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

தூக்குப் பாலத்தின் உயிர் அதன் எதிரெடையில் இருக்கிறது. தராசுத் தட்டுகளைப் போல, சாலைத்தளமும் எதிரெடையும் அச்சின் இருபுறமும் ஏறக்குறையச் சமமாக நிற்பதால்தான் ஒரே ஒருவர் கைச்சுழற்சியால் பல டன் எடையை உயர்த்த முடிந்தது. மூடிய நிலையில் தானாகவே அமர்ந்திருக்கும்படி சாலைப்பக்கம் சற்றே கனமாக வைப்பார்கள். நூறு ஆண்டுகளில் அந்தக் கணக்குத் தவறிப்போகிறது. வர்ணத்தின்மேல் வர்ணம், மரத்தளத்தின்மேல் தார், மழைநீரில் ஊறிய பலகை, பின்னால் பொருத்திய வழுக்காத் தகடுகள் எல்லாம் எடையைக் கூட்டும். மோட்டாரின் வலிமை அதை மறைத்துவிடும். கியர் பற்கள்தான் அந்தச் சுமையை அனுபவிக்கும். புதுத்தளம் போடும் எந்தத் திட்டமும் பாலத்தை எடைபோட்டு, எதிரெடையைத் திருத்தி முடிய வேண்டும். சுழல் பாலத்தில் சிக்கல் வேறு. திறந்த நிலையில் இரு கைகளும் அந்தரத்தில் நீண்டு சற்றே தொங்கும். மூடும்போது முனைகளை ஆப்புகளால் உயர்த்தித் தாங்கியில் அமர்த்த வேண்டும். சுழலும் மேடை நிற்கும் சுவர் ஓரிரு சென்டிமீட்டர் அமிழ்ந்தாலே ஆப்பு ஏறாது, தாழ் விழாது. கோடை வெப்பத்தில் எஃகு நீளுவதும் இதே விளைவைத் தரும். ஆம்ஸ்டர்டாமில் வெப்ப அலை வீசும் நாள்களில் பாலங்கள் இறுகிக்கொள்ளாமலிருக்க அவற்றின்மேல் நீரைத் தெளிக்கிறார்கள். சீரமைக்கும்போது பழைய அளவை அப்படியே மறுபடி செய்யாமல், முனை இடைவெளியை இன்றைய வெப்பநிலைகளுக்கு ஏற்பக் கணக்கிட வேண்டும் என்பதற்கு இது போதிய காரணம்.

ஆம்ஸ்டர்டாமிலேயே ஆம்ஸ்டல் ஆற்றின்மேல் நிற்கும் மாகரே பாலத்தைப் பழமைக்கு அடையாளமாக உலகம் முழுவதும் படமெடுக்கிறார்கள். அந்த இடத்தில் முதல் பாலம் 1691-இல் வந்தது. இப்போதிருப்பது 1934-இல் முந்தையதன் சாயலில் கட்டப்பட்டது. 1994 வரை கையால் திறக்கப்பட்டு, பிறகு தானியங்கியானது. அதைப் போலி என்று எவரும் சொல்வதில்லை. வடிவமும் இடமும் வேலையும் தொடர்ந்தால் பாலத்தின் அடையாளமும் தொடர்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் இதை எல்லாப் பாலத்துக்கும் நீட்டக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தேனிரும்புச் சட்டமும் முதல் கியர்களும் எஞ்சியிருக்கும் பாலம், மரபில் மட்டும் பழைய மரப்பாலத்தைவிட அரியது. அங்கே நகல் செய்வது இழப்புத்தான்.

இயக்கும் முறை குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. மனிதர் நின்று கையால் திறந்த பாலத்தைத் தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு அறையிலிருந்து திரையைப் பார்த்து இயக்குவதாக மாற்றும்போது, ஐரோப்பிய விதிகளின்படி பாலமே ஓர் இயந்திரமாகக் கருதப்படுகிறது; தடுப்புக் கட்டை, விளக்கு, மணி, அவசர நிறுத்தம், கேமராக் கோணம் எல்லாவற்றுக்கும் ஆபத்துப் பகுப்பாய்வு வேண்டும். 2015-இல் நெதர்லாந்தின் ஸான்டாம் நகரில், தொலைவிலிருந்து இயக்கப்பட்ட பாலமொன்று மேலே ஆள் இருக்கும்போதே திறக்கப்பட்டு விபத்து நேர்ந்தது. பழைய பாலத்தில் தடுப்புகளுக்கு இடம் இருக்காது, கைப்பிடித் தூண்கள் கேமராவின் பார்வையை மறைக்கும். படகுகள் குறைவாக வரும் பூட்டில், பருவகாலத்துக்கு ஓர் ஊழியரை நிறுத்துவது, இந்தக் கருவிகளைப் பொருத்திப் பராமரிப்பதைவிடச் செலவு குறைந்ததாக இருக்கக்கூடும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலேயே தானியங்கியைத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகங்கள் உண்டு.

இடித்துக் கட்டுவதைப் பற்றி: பழைய சுவரை அகற்றுவதற்கும் அதே மண்ணை, அதே நீரைத் தடுத்தாக வேண்டும். சுற்றிலும் எஃகுத் தகடுகளை மண்ணில் இறக்கி, தற்காலிகத் தடுப்பு அமைத்து, வற்றவைக்கும் வேலை எதுவும் குறைவதில்லை. கூடவே பழைய தூண்களைப் பிடுங்கும் வேலை சேர்கிறது. தகடு அடிக்கும் அதிர்வு பக்கத்து வீடுகளைப் பாதிக்கும் என்றால், அதிர்வின்றி அழுத்தி இறக்கும் இயந்திரம் வேண்டும். இடிப்பது நியாயமாகும் நிலை ஒன்றிரண்டு உண்டு: அறையின் அளவு இன்றைய கப்பலுக்கு எவ்விதத்திலும் போதாதபோது, அல்லது அடித்தளம் முழுவதும் அழுகிவிட்டபோது. முதல் நிலையில்கூடப் பழையதை விட்டுவைத்து அருகில் புதியதைக் கட்டுவதே பெரும்பாலும் மேலானது. பாலத்தின் சுமைத்திறன் மட்டும் போதவில்லை என்றால், கனரக வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிட்டு எடை வரம்பு விதிப்பது, பழைய சட்டத்துக்குள் புதிய எஃகு விட்டங்களை மறைத்துவைப்பதைவிட நேர்மையான தீர்வு.

கடைசியாக, முடிவுத் தேதி. கதவு மாட்டி, பாலம் ஏற்றி, வர்ணம் உலர்ந்ததும் வேலை முடிந்ததாக அறிவிப்பார்கள். வற்றியிருந்த அறையை மீண்டும் நிரப்புவதும் வற்றவைத்ததைப் போலவே கவனத்துக்குரியது: ஒரே மூச்சில் நிரப்பாமல் படிப்படியாக நீரை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, சுவரின் நகர்வையும் பின்புற நீர்மட்டத்தையும் அளந்து, குறுக்குத் தாங்கிகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். புதுமரக் கதவு முதல் சில வாரங்கள் கசியும். மரம் ஊறியதும் குறையும், அதற்குள் பதறிச் சீவிவிடக் கூடாது. பாலத்தின் தாழ் இடைவெளிகளை ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் கடந்த பிறகு மறுபடி அளந்து திருத்த வேண்டும். ஒப்பந்தத்தில் இந்த ஓராண்டுக் கண்காணிப்பும் அதற்குரிய தொகையும் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். எழுதப்படாத திட்டங்களில்தான் திறப்பு விழா முடிந்து சில மாதங்களில் பாலம் மறுபடி மூடப்படுகிறது.